வீட்டை இடித்துப் பார்!

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டின வீட்டை நாற்பது வருஷம் கழித்து இடித்து மாற்றிப் பார் என்று ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். கஷ்டத்தில் அதற்குத்தான் முதலிடம் கொடுத்திருக்க வேண்டும். காலி மனையில் கட்டும்போது எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. பழைய வீட்டில் சுவருக்குள் என்ன இருக்கிறது, தரைக்கு அடியில் குழாய் எப்படிப் போகிறது என்பதெல்லாம் உடைத்த பிறகுதான் தெரியும். உடைத்துவிட்டால் திரும்பிப் போகவும் முடியாது. போதாக்குறைக்கு அதே வீட்டில்தான் சமைக்க வேண்டும், தூங்க வேண்டும், வருகிற விருந்தாளிக்குக் காபி போட வேண்டும்.

"நல்ல மேஸ்திரி யாராவது தெரியுமா?" இந்தக் கேள்வியோடுதான் எல்லா வீட்டிலும் வேலை ஆரம்பிக்கிறது. அடுத்த கேள்வி "சதுரத்துக்கு எவ்வளவு?" (சதுரம் என்றால் ஜியோமிதிச் சதுரம் கிடையாது மக்களே, நூறு சதுர அடி.) ஆனால் மராமத்து வேலையில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு தப்பிப்பதும் தொலைவதும் ரேட்டைப் பொறுத்து அல்ல. எந்தத் தேதியில் யாருடைய பணம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து. கணக்குப் பாடம் படிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் சீக்கிரம் புரியலாம். புரியவில்லை என்றால் கடைசி பெஞ்சு நண்பர்களைக் குறை சொல்ல வேண்டாம், பாடப்புத்தகமே அதைத் தலைகீழாகத்தான் சொல்லிக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

திருச்சி பக்கம் ஒரு வீடு. 1984-ல் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், தூண் எதுவும் கிடையாது. ஹாலில் சிவப்பு சிமென்ட் தரை. மாடி கிடையாது, மொட்டை மாடி மட்டும். கக்கூஸ் கொல்லையில், பின்கட்டிலிருந்து மூன்று படி இறங்கிப் போக வேண்டும். வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார், 2023 மே மாதம் ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் பெண்ணின் கல்யாணக் கடனை அடைத்தது போக வீட்டுக்கென்று ஒதுக்கியது 8 லட்ச ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா எங்கிருந்தும் வராது. அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

எல்லா வீட்டையும் போல அங்கேயும் முதலில் ஆசைப் பட்டியல்தான் வந்தது. பெங்களூரிலிருந்து பையன் போனில், "அப்பா, ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல இருக்கிற சுவரை எடுத்துட்டு ஓப்பன் கிச்சன் வச்சிடலாம்பா" என்றான். பெண் மாடுலர் கிச்சன் என்றாள். வாத்தியாருக்கு முன்பக்கம் தூண் வைத்து போர்டிகோவைக் கொஞ்சம் எடுப்பாகக் காட்ட ஆசை. நாலு நாள் இப்படியே போயிற்று. கடைசியில் அந்தம்மா, "என்னங்க, எனக்கு ராத்திரியில படி இறங்காம பாத்ரூம் போகணும். மழை பெஞ்சா பூஜை ரூம்ல பாத்திரம் வைக்காம இருக்கணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றார்.

அந்த இரண்டு வாக்கியம்தான் உண்மையான பிளான். மராமத்துக்குத் திட்டம் போடுவது என்றால் கலர் புத்தகம் புரட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வீட்டில் யாருக்கு என்ன முடியவில்லை என்று கேட்டு எழுதினாலே பாதி வேலை முடிந்தது. வாத்தியார் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் 'இல்லாவிட்டால் முடியாது', வலது பக்கம் 'இருந்தால் நல்லது'. இடது பக்கத்தில் ஏறியவை: மொட்டை மாடி ஒழுகல், வீட்டுக்குள் ஒரு மேற்கத்திய கழிவறை, நாற்பது வருஷ ஒயரிங், உதிர்ந்துபோன பூச்சு. போர்டிகோ தூண் வலது பக்கம் போய்விட்டது. பாவம், அவருக்கு வருத்தம்தான்.

வரிசையும் முக்கியம். தண்ணீர்தான் முதல் எதிரி, அதனால் மேலிருந்து கீழே வர வேண்டும். கூரை ஒழுகும்போது உள்ளே பெயின்ட் அடிப்பது, ஜுரத்தோடு இருக்கிறவனுக்குப் பவுடர் பூசிவிடுகிற மாதிரி. அந்தக் காலத்து வீடுகளில் கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்துக் கெட்டிப்படுத்தி, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். வெதரிங் கோர்ஸ் என்று பெயர். வெயிலையும் தாங்கும், வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீரையும் வெளியே தள்ளும். நாற்பது வருஷத்தில் ஓட்டின் இடுக்கு திறந்துகொள்ளும், தண்ணீர் போகும் வாய் அடைத்துக்கொள்ளும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலை விரியும். ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையில்தான் பிறக்கிறது. கூரைக்கு அப்புறம் குழாய், ஒயரிங். அப்புறம் பூச்சு, டைல்ஸ். பெயின்ட் கடைசி. இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே மறுபடி உடைக்க வேண்டிவரும், கூலியும் இரண்டு தடவை.

புதுக் கழிவறை எங்கே என்பதை மலக்குழாய்தான் முடிவு செய்யும், வாஸ்துவுக்கு அதில் இரண்டாம் இடம். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி வாட்டம் வேண்டும், அதாவது பத்து அடிக்கு மூன்று அங்குலம். அதனால் செப்டிக் டேங்குக்குப் பக்கத்துச் சுவரான பழைய ஸ்டோர் ரூம்தான் சரிப்பட்டது. கதவு மூன்று அடி அகலம், வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி. உள்ளே யாராவது விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடிக் கம்பி, வழுக்காத டைல்ஸ், வாசலில் படி கிடையாது. (இதெல்லாம் இருக்கிற சுவருக்குள் செய்கிற மாற்றம். மாடியில் ஒரு அறை எடுப்பது, வெளிப்பக்கம் நீட்டுவது என்று போனால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி அனுமதி வாங்க வேண்டும். 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது.)

சரி, ஆளுக்கு வருவோம்.

இந்த மாதிரி வேலை நம்ம ஊரில் மூன்று விதமாக நடக்கிறது. நாள் கூலிக்கு மேஸ்திரியும் கொத்தனாரும் சித்தாளும் வருவது ஒன்று. சாமான் வீட்டுக்காரர் வாங்கித்தர, வேலைக்கு மட்டும் பேசிக்கொள்ளும் லேபர் கான்ட்ராக்ட் இன்னொன்று. சாமானும் சேர்த்து மொத்தமாக விட்டுவிடுவது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் எதிராளிக்கு எதில் லாபம் என்று யோசித்துப் பார்த்தால் எதில் ஏமாறுவோம் என்றும் தெரிந்துவிடும். நாள் கூலியில் வேலை இழுக்கும். லேபர் கான்ட்ராக்டில் வேலை ஓடும், சிமென்ட்டும் ஓடும், அவர் காசு இல்லையே. மொத்தக் கான்ட்ராக்டில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாமான் குறையும். குணத்தைச் சொல்லவில்லை, அந்த ஏற்பாடு அப்படி இழுக்கிறது. நல்ல மனுஷரையும் இழுக்கும்.

சதுர அடி ரேட் மராமத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. புது வீட்டில் படுக்கையறையும் கழிவறையும் சேர்ந்து ஒரு சராசரி வரும். இங்கே நாற்பது சதுர அடிக் கழிவறையில் குழாய், டைல்ஸ், நீர்க்காப்பு, மின்சாரம், கதவு, பீங்கான் சாமான் எல்லாம் அடைந்து கிடக்கிறது. அதனால் அயிட்டம் வாரியாக ரேட் கேட்க வேண்டும். எத்தனை சதுர அடி பூச்சு, எத்தனை பாயின்ட் ஒயரிங், எத்தனை ரன்னிங் அடி குழாய் என்று.

வாத்தியாருக்கு மூன்று கொட்டேஷன் வந்தது. முதலாவது விசிட்டிங் கார்டின் பின்பக்கம் ஒரே வரி: 4,80,000. இரண்டாவது அரைப் பக்கம்: 5,90,000. மூன்றாவது இரண்டு பக்கம், 31 அயிட்டம், சிமென்ட் பிராண்டிலிருந்து ஒயர் பிராண்டு வரை எழுதி: 6,95,000. தெரு முழுக்க முதலாவதைத்தான் எடுக்கச் சொன்னது. இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் வித்தியாசம், சும்மாவா?

மனுஷர் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி உட்கார்ந்தார். மூன்றாவது கொட்டேஷனின் 31 அயிட்டத்தையும் வரிசையாக எழுதி, மற்ற இருவரையும் கூப்பிட்டு ஒவ்வொன்றாக "இது உங்க ரேட்ல சேர்த்தியா?" என்று கேட்டார். முதல் ஆளின் ரேட்டில் இடிபாடு அள்ளிப்போடுவது சேரவில்லை (25,000). ஒயரிங் இல்லை (70,000). நீர்க்காப்பு இல்லை (45,000). பீங்கான் சாமானும் குழாய்களும் வீட்டுக்காரர் வாங்கித்தர வேண்டும் (60,000). கூட்டினால் 6,80,000. இரண்டாம் ஆளுக்கு ஒயரிங்கும் சாமானும் சேர்த்து 7,20,000. இரண்டு லட்சத்துச் சொச்சம் வித்தியாசம் பதினைந்தாயிரமாகச் சுருங்கிவிட்டது. முதல் ஆள் பொய் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வேலை பாதியில் நிற்கும்போது "அது தனி சார்" என்று அவரே சொல்லியிருப்பார்.

அப்புறம் பழைய வேலையைப் பார்க்கப் போனார். போன மாதம் முடித்த வேலையைக் காட்டத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். புது பெயின்ட் எல்லாவற்றையும் மறைத்துவிடும். இரண்டு மழைக்காலம் பார்த்த வேலையைக் காட்டச் சொல்ல வேண்டும். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் ஈரக் கறை இருக்கிறதா, டைல்ஸைக் காசால் தட்டினால் பொக்கென்று சத்தம் வருகிறதா, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் ஜாலியை நோக்கி ஓடுகிறதா... இந்த மூன்றும் போதும். அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசும்போது "ஆள் நல்லவரா?" என்று கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "கடைசிப் பணம் கொடுத்த பிறகு கூப்பிட்டால் வந்தாரா?" என்று கேட்டுப் பாருங்கள்.

நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையையும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தார். சிமென்ட் மூட்டை பலகை மேல் இருக்கிறதா, தரையில் ஈரத்தோடு கிடக்கிறதா. நேற்றுப் பூசிய சுவர் நனைந்திருக்கிறதா. தண்ணீர் காட்டுவது காசு செலவில்லாத வேலை, அதையே செய்யாதவர் காசு செலவாகிற வேலையில் என்ன செய்வார்? முதல் ஆளின் சைட்டில் பூச்சு வெளுத்துப் போய்க் காய்ந்து கிடந்தது.

ஆனால் உண்மையில் ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அந்த ஓப்பன் கிச்சன்தான். மூன்று பேரிடமும் பையன் சொன்னதை வாத்தியார் சொன்னார். முதல் ஆள், "தட்டிடலாம் சார், ஒண்ணும் ஆகாது." இரண்டாம் ஆள், "தட்டிட்டு ஒரு இரும்பு போட்டுடுவோம் சார்." மூன்றாவது ஆள் உடனே பதில் சொல்லவில்லை. மொட்டை மாடிக்கு ஏறிப்போய்ப் பார்த்தார். இறங்கி வந்து, "சார், தண்ணித் தொட்டி இந்தச் சுவருக்கு நேர் மேலதான் இருக்கு. தூண் இல்லாத வீடு, பாரம் மொத்தம் சுவர்லதான் நிக்குது. இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, அவர் எழுதிக் கொடுத்தா செய்யறேன். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார்.

வேலை கைநழுவிப் போனாலும் பரவாயில்லை என்று ஒருவர் வேண்டாம் சொல்கிறார் என்றால் அவரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். சுவரை எடுக்க முடியாது என்றில்லை. எடுத்த இடத்தில் உத்தரம் கொடுத்து, இரண்டு பக்கமும் அதைத் தாங்க ஏற்பாடு செய்து, அதுவரை கூரைக்கு முட்டுக் கொடுத்து வைக்க வேண்டும். ஆறு மீட்டருக்கு உட்பட்ட கான்கிரீட் உத்தரத்துக்குக் கொடுத்த முட்டை 14 நாளாவது எடுக்கக்கூடாது என்று ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிர்ணய விதி சொல்கிறது. இன்ஜினியர் வந்து பார்த்துச் செலவைச் சொன்னதும் பையன் போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். கடைசியில் சுவரில் பரிமாறுகிற மாதிரி ஒரு சின்னத் திறப்பு மட்டும், மேலே லிண்டல் கொடுத்து. அந்தம்மாவுக்கு அதுவே போதும், டி.வி. தெரிகிறது.

இப்போது பணம். முன்பு சொன்ன பாடத்துக்கு வருவோம். பி.காம். காஸ்ட் அக்கவுன்டிங்கில் கான்ட்ராக்ட் காஸ்டிங் என்று ஒன்று உண்டு. ஒர்க் சர்டிஃபைடு, ஒர்க் அன்சர்டிஃபைடு, ரிடென்ஷன் மணி, நோஷனல் பிராஃபிட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதைக் கேஷ் ரிசீவ்டால் பெருக்கி ஒர்க் சர்டிஃபைடால் வகுத்து... பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி எல்லோரும் போட்டுப் பார்த்த கணக்கு. ஆனால் அது முழுக்கக் கான்ட்ராக்டரின் நோட்டு. அவர் பாடம் படிக்காமலேயே அதில் தேர்ந்தவர். வீட்டுக்காரர் பக்கத்து நோட்டு எந்த யூனிட்டிலும் வருவதில்லை.

வீட்டுக்காரர் நோட்டு ரொம்பச் சின்னது. இன்று வரை கொடுத்தது எவ்வளவு, இன்று வரை நடந்த வேலையின் மதிப்பு எவ்வளவு. முதல் எண் இரண்டாவதைத் தாண்டுகிற நாளில் வேலை மெதுவாகும். இதற்குக் கான்ட்ராக்டர் அயோக்கியராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிறிய கான்ட்ராக்டர்களிடம் நடைமுறை மூலதனம் என்று எதுவும் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கு வாரக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் வீட்டு அட்வான்ஸ் போன சைட்டின் கூலிக்குப் போகும், உங்கள் வீட்டுக் கூலிக்கு அடுத்த சைட்டின் அட்வான்ஸ் வர வேண்டும். அடுத்த சைட் வராவிட்டால் உங்கள் வீட்டில் ஆள் வராது. போன் அடித்தால், "பாட்டி செத்துட்டாங்க சார்." (சிலருக்கு நாலு பாட்டி, ஐந்து பாட்டி என்று நீண்டுகொண்டே போகும்.)

மூன்றாவது ஆள் கேட்டது பாதிப் பணம் அட்வான்ஸ். வாத்தியார் கொடுக்கத் தயாராக இருந்தது பத்து சதவீதம். "நம்பிக்கை இல்லாம எப்படி சார் வேலை செய்யறது?" என்றார் அவர். அது நியாயமான கேள்வியும்கூட. வேலையை முடிக்க விட்டுவிட்டு, கலர் பிடிக்கவில்லை, குழாய் கோணல் என்று சொல்லிக் கடைசிப் பணத்தைக் கொடுக்காத வீட்டுக்காரர்களும் ஊரில் நிறைய. இரண்டு பக்கமும் பயம் இருக்கிறது. அதைப் பேசாமல் மூடிவைத்தால்தான் நடு வேலையில் வெடிக்கும்.

பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். ஆரம்பத்தில் 70,000. இடித்து இடிபாட்டை அப்புறப்படுத்தியதும் 75,000. மொட்டை மாடி முடிந்ததும் 1,50,000. கழிவறைக் குழாயும் நீர்க்காப்பும் முடிந்து, தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு 1,50,000. ஒயரிங், டைல்ஸ் முடிந்ததும் 1,20,000. பெயின்ட் முடிந்ததும் 80,000. மிச்சம் 50,000 அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்த பிறகு. கூட்டிப் பாருங்கள், 6,95,000 வரும். கான்ட்ராக்டருக்குக் கை கடிக்காமல் இருக்க, சிமென்ட்டுக்கும் டைல்ஸுக்கும் கடையில் வாத்தியாரே நேராகப் பணம் கட்டி, அந்தந்தக் கட்டத்துத் தொகையில் கழித்துக்கொள்வது என்று பேச்சு. இதனால் அவருக்குப் பெரிய அட்வான்ஸே தேவைப்படவில்லை. வாத்தியார் பணமும் வாத்தியார் வீட்டுச் சாமானாகவே வந்து இறங்கியது.

8 லட்சத்தில் 6,95,000 போக 1,05,000 மிச்சம். ஏறக்குறைய 15 சதவீதம். அப்படி ஒரு தொகை இருப்பதைக் கான்ட்ராக்டரிடம் சொல்லவே இல்லை. மறைத்தது என்று சொல்லலாம், ஆனால் பழைய வீட்டில் இது இல்லாமல் கை வைக்கக்கூடாது. தரையைத் தோண்டியதும் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து உதிர்ந்து வந்தது, சமையலறை வரை மாற்ற வேண்டியதாயிற்று. போர்டிகோ தளத்தின் அடிப்பூச்சைத் தட்டினால் உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து வைத்திருந்தது. எடுப்பாகத் தூண் வைக்க நினைத்த அதே போர்டிகோ!

இந்த 'கூடுதல் வேலை'தான் எல்லாச் சண்டைக்கும் பிறப்பிடம். "அப்படியே இதையும் பாத்துடுங்க தம்பி" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார், ரேட் பேசமாட்டார். செய்தவர் இலவசமாகச் செய்யவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: இனாமாகக் கொடுக்கும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி ஒரு காரியம் செய்து, மற்றவர் அதன் பலனை அனுபவித்தால், அவர் அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். மேற்கு வங்க அரசு எதிர் பி.கே. மொண்டல் என்று மனப்பாடம் செய்த வழக்கு ஞாபகம் இருக்கிறதா? அதிலும் கட்டட வேலைதான். ஒழுங்கான ஒப்பந்தம் இல்லாமலே அதிகாரி கேட்டுக்கொண்டபடி செய்து கொடுத்த வேலைக்கு அரசு பணம் தர வேண்டியிருந்தது. எவ்வளவு என்பதில்தான் தகராறு வரும். அதற்கு வாத்தியார் ஒரு நாற்பது பக்க நோட்டை வாசல் ஆணியில் மாட்டி வைத்தார். கூடுதல் வேலை எதுவானாலும் தேதி, அளவு, ரேட், இரண்டு கையெழுத்து. அதற்கப்புறம்தான் கடப்பாரை. முதல் வாரம் கான்ட்ராக்டர் சிரித்தார். மூன்றாவது வாரம் அவரே, "சார், நோட்டுல எழுதிடலாமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கும் அதுதானே பாதுகாப்பு.

பில் விஷயம் ஒன்று. "பில் வேணுமா சார்? வேணும்னா ஜி.எஸ்.டி. சேரும்" என்பது எல்லா ஊரிலும் கேட்கிற வசனம். இந்த மாதிரி வேலைக்கு வரி 18 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவு செய்யாதவர் ஜி.எஸ்.டி. வசூலிக்கவே கூடாது, எண் இல்லாமல் வரி கேட்டால் அது வரி இல்லை. பில்லும் வங்கி மூலம் அனுப்பிய பணமும் வேறு விதத்திலும் உதவும். வீட்டை மேம்படுத்தச் செய்த மூலதனச் செலவை, பின்னால் வீட்டை விற்றால் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். பெயின்ட் அடித்தது அதில் வராது, புதுக் கழிவறை வரும். கேப்பிடல் எக்ஸ்பென்டிச்சர், ரெவின்யூ எக்ஸ்பென்டிச்சர் என்று முதல் வருஷத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்தது இதுதான். (வாத்தியாருக்கு ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டமில்லை. அவர் சிமென்ட் வாங்கிய 2024-ல் வரி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல்தான் 18 ஆனது.)

தகராறு என்று வந்தால் எங்கே போவது? அடுக்குமாடி வாங்குபவர்களுக்கு இருக்கும் ரெரா, சொந்த வீட்டு மராமத்துக்கு வராது. ஆனால் வீடு கட்டும் பணி ஒரு 'சேவை' என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 1993 திருத்தத்திலேயே சேர்த்துவிட்டார்கள், 2019 சட்டத்திலும் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அங்கே பேசுவது நோட்டும் பில்லும்தான், "அன்னைக்கு வாய் வார்த்தையா சொன்னாரு" என்பது பேசாது. தாமதத்துக்கு நாளுக்கு இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்தில் பலர் எழுதுகிறார்கள். சின்ன கான்ட்ராக்டரிடம் அதை வசூலித்தவர் யார்? கையில் இருக்கிற அடுத்த கட்டப் பணம்தான் அபராதத்தைவிடச் சத்தமாகப் பேசும். வாத்தியாரின் ஒப்பந்தம் தமிழில் இரண்டே பக்கம். பிராண்டு, கட்டம், பணம், இடிபாடு யார் பொறுப்பு, தண்ணீரும் கரண்டும் யார் செலவு, வேலையாளுக்கு அடிபட்டால் யார் பார்ப்பது. கடைசி விஷயத்தைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

வேலை 2024 தை பிறந்ததும் ஆரம்பித்தது. ஆடியில் யாரும் தொடங்கமாட்டார்கள், ஆவணியில் தொடங்கினால் மாடியைப் பிரித்துப் போட்ட நேரத்தில் ஐப்பசி மழை வரும். தையிலிருந்து சித்திரைக்குள் முடிப்பதுதான் நல்லது. தூசி, சத்தம், சோறு முழுக்க மணல் என்கிற கதையெல்லாம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஒரே ஒரு ஏற்பாடு குறிப்பிட வேண்டியது: புதுக் கழிவறை உபயோகத்துக்கு வரும் வரை பழையதில் கை வைக்கவில்லை. சித்தாள் பெண்கள் இரண்டு பேரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். பல சைட்களில் அவர்களுக்கு இடமே இருக்காது, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே மண் சுமப்பார்கள். அந்தம்மா முதல் நாளே இதைக் கேட்டுவிட்டார், வாத்தியாரின் 31 அயிட்டத்தில் அது இல்லை.

கழிவறையில் நீர்க்காப்பு முடிந்ததும் ஜாலியை அடைத்து, மூன்று அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டார்கள். ஒரு ராத்திரி. காலையில் தண்ணீர் கோட்டுக்கு ஒன்றரை அங்குலம் கீழே. ஆவியாகப் போனது என்று சொல்லித் தப்பிக்க முடியாத அளவு. ஜாலியும் குழாயும் சேருகிற இடத்தில் கசிவு. டைல்ஸ் பெட்டி வாசலில் தயாராக இருக்கிறது, டைல்ஸ் போடுகிறவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், அன்றைக்கு அவர் கூலி வீண். ஆனால் அந்தக் கட்டத்து 1,50,000 இன்னும் வாத்தியாரிடம். கான்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார், பிளம்பரைத் திட்டினார், அந்த இடத்தை உடைத்து மறுபடி செய்தார். இரண்டாம் ராத்திரி தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அன்று மத்தியானமே வாத்தியார் வங்கிக்குப் போய்ப் பணத்தை அனுப்பிவிட்டார். சாயங்காலம் வரைக்கும்கூடத் தள்ளவில்லை. பணத்தைப் பிடித்து வைக்கிறவர் அதைக் கொடுக்க வேண்டிய நாளில் கொடுக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கட்டத்துக்கு யார் வருவார்கள்?

பங்குனியில் வேலை முடிந்தது. கூடுதல் வேலை நோட்டில் 88,000 ஆகியிருந்தது. அந்த வருஷம் ஐப்பசி மழையில் பூஜை அறை காய்ந்தே இருந்தது. ஹால் மூலையில், கைப்பிடிச் சுவர் சேருகிற இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம். போன் போட்டதும் இரண்டாம் நாள் கான்ட்ராக்டர் ஆளோடு வந்தார், அரை நாள் வேலை. 2025 தைப் பொங்கல் கழிந்து மிச்சம் 50,000 அவர் கணக்குக்குப் போயிற்று.

பரணில் ஒரு பெட்டி கழிவறை டைல்ஸ் மிச்சம் இருக்கிறது. அட்டையில் பிராண்டும், ஷேடு எண்ணும், பேட்ச் எண்ணும் கிழியாமல் வைத்திருக்கிறார்கள். ஒரு டைல் உடைந்தால் அதே பேட்ச் கடையில் மறுபடி கிடைக்காது, வேறு பேட்ச் போட்டால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.